விலையும் சான்றும்: ஓராண்டில் சேர்ந்த ஐந்து பழங்காசுகளும் அவற்றின் கைமாறிய வரலாறும்

1. முன்னுரை

பழங்காசு ஒன்றைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் அதனிடம் இரண்டு வினாக்களை எழுப்புகின்றார். அதனை வெளியிட்டவர் யார் என்பது முதலாவது வினா. அது எங்கிருந்து கிடைத்தது என்பது இரண்டாவது வினா. முதல் வினாவுக்கான விடை பெரும்பாலும் காசிலேயே உள்ளது. உருவம், எழுத்துப் பொறிப்பு, எடை, உலோகம் ஆகியன அவ்விடையைத் தருகின்றன. இரண்டாம் வினாவுக்கான விடை காசில் இல்லை. அதனைக் கண்டெடுத்தவர், வாங்கியவர், விற்றவர் ஆகியோரின் நினைவிலும் குறிப்புகளிலும் மட்டுமே அது தங்கியுள்ளது. அவர்கள் மறைந்து, குறிப்புகளும் அழிந்தால் அவ்விடையை மீட்டெடுக்க எந்த ஆய்வுகூடத்தாலும் இயலாது.

நாணயவியல் எனது தொழில்முறைத் துறையன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பிரித்தானியாவில் வாழ்ந்துவரும் நான், ஓய்வு நேர விருப்பமாகவே பழங்காசுகளைச் சேர்த்து வருகின்றேன். கடந்த ஓராண்டில் எனது சேகரிப்பில் சேர்ந்தவற்றுள் நான் பெரிதும் மதிக்கும் ஐந்து காசுகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஏதென்சின் வெள்ளிக்காசு ஒன்று, உரோமப் பேரரசன் அகஸ்டசின் வெள்ளிக்காசு ஒன்று, பிற்கால உரோமச் செப்புக்காசு ஒன்று, முதலாம் இராசராசனின் செப்புக்காசு ஒன்று, யாழ்ப்பாண அரசரின் சேதுக்காசு ஒன்று என்பன அவை. ஒவ்வொன்றும் மேற்கூறிய இரு வினாக்களுக்கும் எந்த அளவுக்கு விடை தருகின்றது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்வாய்வின் முடிவு எளியது. சந்தையில் விலை கூடிய காசின் பயண வரலாறு பேணப்படுகின்றது. விலை குறைந்த காசினது பேணப்படுவதில்லை. தமிழர் வரலாற்றுக்கு இன்றியமையாத செப்புக்காசுகள் பெரும்பாலும் விலை குறைந்தவை. எனவே எங்கே சான்று மிகுதியாகத் தேவைப்படுகின்றதோ அங்கேயே சான்று மிகுதியாக அழிகின்றது. இதனைத் தடுப்பதில் புலம்பெயர்ந்த தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு.

2. ஏதென்சின் ஆந்தைக்காசு

முதலாவது காசு கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நான்கு திராக்மா வெள்ளிக்காசு. முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த ஏதீனா தெய்வத்தின் தலை உள்ளது. பின்புறத்தில் ஆந்தையும் ஒலிவக் கிளையும் சிறு பிறையும் ஏதென்சு மக்களைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகளும் உள்ளன. லோரியன் சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டு பெருந்தொகையாக அச்சிடப்பட்ட இவ்வகைக் காசின் நியம எடை ஏறத்தாழ 17.2 கிராம். தேய்வுற்ற என் காசின் எடை 16.7 கிராம்.

இக்காசின் பின்புறத்தில் ஆந்தையின் உடலுக்குக் குறுக்கே ஆழமான உளிவெட்டு ஒன்று உண்டு. அழகை விரும்புவோர் இதனைக் குறையாகக் கருதுவர். எனக்கோ இக்காசின் சிறப்பே அவ்வெட்டுத்தான். செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலிக்காசுகள் அக்காலத்திலும் வழங்கின. உள்ளே இருப்பது வெள்ளிதானா என்று அறிவதற்கு வணிகர் காசை வெட்டிப் பார்த்தனர். எகிப்திலும் கீழைக் கரையோரங்களிலும் இக்காசுகள் எண்ணிப் பெறும் நாணயமாக அன்றி நிறுத்துப் பெறும் வெள்ளியாகக் கொள்ளப்பட்டமையால், அங்கு இத்தகைய வெட்டுகள் பெருவழக்கு.

ஏதென்சு நகரிலும் காசுச் சோதனைக்கு ஒரு முறை இருந்தது. கி.மு. 375/374ஆம் ஆண்டைச் சேர்ந்த சட்டக் கல்வெட்டு ஒன்று 1970இல் அந்நகரின் பழைய சந்தை வெளியில் கண்டெடுக்கப்பட்டது. அதன்படி அரசின் காசுச் சோதனையாளர் சந்தையில் அமர்ந்து காசுகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ உடையதைக் கண்டால் அவ்விடத்திலேயே குறுக்கே வெட்ட வேண்டும். நல்ல காசை எவரும் மறுத்தல் கூடாது. என் காசின் வெட்டு வாயினுள் தெரிவது தூய வெள்ளியே. ஆகவே அது போலியெனத் தள்ளப்பட்ட காசன்று. ஐயுற்ற வணிகர் ஒருவர் வெட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்ட காசு எனக் கொள்ளலாம்.

ஐந்து காசுகளில் விலை மிகக் கூடியது இதுவே. ஏனைய நான்கின் மொத்த விலையும் இதன் விலைக்கு அருகில் வாரா. இதனுடன் ஒரு கோப்பும் வந்தது. 1958இல் நடந்த ஏலமொன்றின் பட்டியற் பக்கம், அதில் இதே வெட்டுத் தழும்புடன் கூடிய ஒளிப்படம், பின்னர் இருமுறை கைமாறியமைக்கான பற்றுச்சீட்டுகள் ஆகியன அக்கோப்பில் உள. 1958க்கு முன் அது எங்கிருந்தது என்பதை அக்கோப்பும் கூறவில்லை. எனினும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு எழுத்தில் உண்டு.

3. அகஸ்டசின் வெள்ளிக்காசு

இரண்டாவது காசு தமிழ் ஆய்வாளருக்கு நன்கு அறிமுகமானது. உரோமப் பேரரசன் அகஸ்டஸ், தன் பேரரும் தத்துப்புதல்வருமான காயஸ், லூசியஸ் ஆகிய இருவரின் உருவங்களோடு வெளியிட்ட தினாரியஸ் அது. முன்புறத்தில் அரசனின் தலை. பின்புறத்தில் கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் நிற்கும் இரு இளவரசர். இவ்வகை கி.மு. 2ஆம் ஆண்டு தொடங்கி இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அச்சிடப்பட்டது. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். ஆட்சிக்கு உரியவர் எனக் காட்டப்பட்ட இருவரும் ஆட்சிக்கு வராமலே மறைந்தனர். ஆனால் அவர்தம் உருவங்கள் தென்னிந்தியா வரை வந்து சேர்ந்தன.

இக்காசும், அகஸ்டசுக்குப் பின் வந்த திபேரியசின் அமர்ந்த பெண்ணுருக் காசுமே தென்னிந்தியாவில் கிடைக்கும் உரோம வெள்ளிக்காசுகளுள் பெரும்பான்மையானவை. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வந்த தினாரியஸ்கள் இப்பகுதியில் அருகியே காணப்படுகின்றன. தமிழக வணிகர் வெள்ளியின் தரத்தை அறிந்து பழைய நல்ல காசுகளையே விரும்பிப் பெற்றனர் என்பது பொதுவான விளக்கம். இவ்விளக்கத்தின்படி, அகஸ்டஸ் காசு அகஸ்டஸ் காலத்திலேயே இங்கு வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பல பத்தாண்டுகள் கழித்தும் வந்திருக்கலாம்.

என் காசு 3.7 கிராம் எடையுடையது. அதன் சீட்டில் "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்ற தொடர் மட்டுமே இருந்தது. சரிபார்க்கத்தக்க பெயரோ ஆண்டோ இல்லாத இத்தொடரால் பயன் சிறிது. இதே அச்சில் அடிக்கப்பட்ட இரு காசுகளுள் ஒன்று உரோமப் படையினனின் ஊதியமாகப் பிரித்தானியாவுக்கும், மற்றொன்று மிளகின் விலையாக முசிறிக்கும் சென்றிருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவராலும் வேறுபாடு காண இயலாது. கோயம்புத்தூர்ப் பகுதிப் புதையலில் இருந்து வந்ததாயின் என் காசு கடல்கடந்த வணிகத்தின் சான்று. இங்கிலாந்தின் வயலொன்றில் இருந்து வந்ததாயின் அது படையெடுப்பின் சான்று. இடம் அறியப்படாத நிலையில் அது அகஸ்டசின் நாணயக் கொள்கைக்கு மட்டுமே சான்றாகின்றது.

இடம் அறியப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் தக்க எடுத்துக்காட்டு. 1898இல் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்திற்குக் குறுக்கே உளிவெட்டு உண்டு. ஏதென்சுக் காசிலும் வெட்டு, இங்கும் வெட்டு. ஆனால் இரண்டின் பொருளும் ஒன்றன்று. முதலாவது ஒரு காசின் உட்பகுதியைச் சோதித்த வெட்டு. இரண்டாவது ஒரு தொகுதி முழுவதிலும் ஒரே வகையில், முகத்தைக் குறிவைத்து இடப்பட்ட வெட்டு. அவை இனி நாணயமாக வழங்கலாகாது, பொன்னாகவே கொள்ளப்படல் வேண்டும் என்ற நோக்கில் வெட்டப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 501 காசுகளும் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டமையாலேயே இத்தகைய வினா எழுந்தது. அவை 501 கடைகளில் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு வெட்டும் வெறும் சேதமாகவே எண்ணப்பட்டிருக்கும்.

4. பிற்கால உரோமச் செப்புக்காசு

மூன்றாவது காசு மிகச் சிறியது; ஒரு சட்டைப் பொத்தானின் அளவும் 1.1 கிராம் எடையும் உடையது. கி.பி. 383 முதல் 408 வரை ஆண்ட ஆர்க்கேடியஸ் பேரரசனுடையது. பின்புறத்தில் வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, சிறைப்பட்ட ஒருவனை இழுத்துச் செல்கின்றாள். சுற்றிலும் அரசின் நலம் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர். கீழே அலெக்சாந்திரியா நாணயச்சாலையின் குறியெழுத்துகள்.

இத்தகைய காசுகள் ஐரோப்பியச் சந்தைகளில் மண்ணோடு கலந்து கைப்பிடிக் கணக்கில் விற்கப்படுகின்றன. ஆனால் இலங்கை வரலாற்றில் அவற்றின் இடம் பெரிது. 4ஆம் நூற்றாண்டின் இறுதி, 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆகிய காலத்தைச் சேர்ந்த உரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அங்கு அவற்றைப் பார்த்துப் போலச்செய்த காசுகளும் அடிக்கப்பட்டன. தமிழகத்தில் கரூர், மதுரை ஆகிய இடங்களிலும் பிற்கால உரோமச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. பொன்னும் வெள்ளியும் உலோக மதிப்புக்காகக் கடல் கடக்கலாம். உலோக மதிப்பற்ற இச்செப்புத் துண்டுகள் ஏன் கடல் கடந்தன? உள்ளூர்ச் சந்தையில் சில்லறைக் காசுக்கு ஏற்பட்ட தேவையே காரணம் என்று கொள்வது பொருந்தும். அவற்றைப் போலச்செய்து அடித்தமையும் அதனையே காட்டுகின்றது.

இக்காசு தான் பிறந்த இடத்தைத் தெளிவாகச் சொல்கின்றது: அலெக்சாந்திரியா. தொலைந்த இடத்தை அது சொல்வதில்லை. செங்கடல் வழியாகக் கீழ்த்திசைக்கு ஏகும் வணிகத்தின் வாயிலாக விளங்கிய நகரின் காசு என்பதனால் இது இலங்கைக்கு வந்து மீண்டது என்று கற்பனை செய்வது எளிது. சான்றின்றி அவ்வாறு எழுதுவது ஆய்வாகாது. இதன் விலை ஒரு தேநீரின் விலை. இதற்குச் சீட்டு எழுதும் சிரமத்தை எந்த விற்பனையாளரும் ஏற்பதில்லை.

5. முதலாம் இராசராசனின் செப்புக்காசு

நான்காவது காசு 4 கிராமுக்குச் சற்றே குறைந்த எடையுடைய செப்புக்காசு. ஒருபுறம் நிற்கும் மனித உரு. மறுபுறம் அமர்ந்த மனித உருவும், அதன் அருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பொறிப்பும் உள. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் பெயரால் வெளியான இக்காசு தமிழகத்திலும் இலங்கையிலும் பெருந்தொகையாகக் கிடைக்கின்றது.

இவ்வகைக்கு நீண்ட வழித்தோன்றல் உண்டு. சோழராட்சி இலங்கையில் முடிவுற்ற பின்னரும் பொலன்னறுவை அரசர் இதே நிற்கும் உருவையும் அமர்ந்த உருவையும் நாகரி எழுத்தையும் கையாண்டனர். முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சகசமல்லன் ஆகியோர் காசுகள் இவ்வமைப்பின. அரசி லீலாவதியின் காசும் உருவ அமைப்பில் மாற்றமின்றி "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்ற பொறிப்புடன் வெளிவந்தது. மக்கள் பழகிய காசின் முகத்தை மாற்றத் துணியாத நாணய மரபு இதில் புலப்படுகின்றது. பகை அரசனின் காசெனினும் சந்தையில் அது நம்பிக்கை பெற்றிருந்தது.

இவ்வமைப்பின் மூலம் எது என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படுகின்றது. நிற்கும் உருவும் அமர்ந்த உருவும் கொண்ட காசு மரபு இலங்கையில் முன்னரே இருந்து, வெற்றிக்குப் பின் சோழர் அதனை ஏற்றனரா, அன்றிச் சோழர் அதனைப் பரப்பினரா என்பது வினா. இராசராசன் காசுகள் எங்கெங்கு அச்சிடப்பட்டன என்பதும் இதனுடன் பிணைந்த வினா. இவற்றைத் தீர்க்க உதவக்கூடியது ஒன்றே: எந்த அச்சுவகை எந்த ஊரில், எத்தனை கிடைக்கின்றது என்ற கணக்கு. மன்னாரில் மிகுதியாகக் கிடைக்கும் ஓர் அச்சுவகை தஞ்சையில் கிடையாது எனில் அது பொருளுடைய செய்தி. இலட்சக்கணக்கில் எஞ்சியிருந்தாலும், இடம் அறியாக் காசுகளைக் கொண்டு இக்கணக்கைத் தொடங்கவும் இயலாது.

என் காசு ஒரு பழைய பள்ளி ஆசிரியரின் தட்டில் இருந்து வந்தது. "சோழர், செம்பு" என்பதே சீட்டின் முழுச் செய்தி. அவரது குடும்பத்தாரிடம் கேட்டபோது, 1960களுக்கு முன் வாங்கியது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

6. சேதுக்காசு

ஐந்தாவது காசே எனக்கு மிக அணுக்கமானது. செம்பு, 3.6 கிராம். ஒருபுறம் நிற்கும் மனித உரு. அது மேற்கூறிய இராசராசன் காசு மரபின் தொடர்ச்சி. மறுபுறம் அமர்ந்த உருவின் இடத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழெழுத்தில் "சேது". நாகரிக்குப் பதிலாகத் தமிழும், அமர்ந்த அரசனுக்குப் பதிலாக நந்தியும் வந்த இம்மாற்றம் யாழ்ப்பாண அரசின் தன்னடையாளம். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் அரியணைப் பெயர்களை மாறி மாறிச் சூடினர். சேதுகாவலர் என்ற சிறப்பையும் தமக்கு உரித்தாக்கினர்.

ஆயினும் இக்காசு யாருடையது என்பது தொடக்கத்தில் தெளிவாக இருக்கவில்லை. சேது என்ற சொல்லைக் கண்ட முற்கால ஆய்வாளர் சிலர் இவை இராமநாதபுரம் சேதுபதிகளுக்கு உரியவை எனக் கருதினர். சொல்லை மட்டும் கொண்டு நோக்கின் அக்கருத்தில் தவறில்லை. பாக்கு நீரிணையின் இரு கரையாரும் அச்சொல்லுக்கு உரிமை கோரத்தக்கவரே. வழக்கைத் தீர்த்தவை இரண்டு. ஒன்று, காசின் அமைப்பு இலங்கை மரபோடு கொண்ட உறவு. மற்றொன்று, இவை இலங்கையின் வடபகுதியிலேயே மிகுதியாகக் கிடைத்தமை. சுவாமி ஞானப்பிரகாசர், கொட்றிங்டன், முதலியார் இராசநாயகம் ஆகியோர் 1920களில் இக்காசுகளை யாழ்ப்பாண அரசின் வரலாற்றோடு இணைத்து எழுதினர். பின்னர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இலங்கைத் தமிழர் நாணயங்களை விரிவாக ஆராய்ந்தார். ஓர் அரசு தன் பெயரில் நாணயம் வெளியிட்டது என்ற செய்தியின் நிலைபேறு, காசு கிடைத்த ஊர்ப் பெயர்களை எழுதி வைத்தோரின் கவனத்தில் தங்கியிருந்தது.

என் காசு இலண்டனுக்கு வெளியே நடைபெற்ற ஒரு காசுக் கண்காட்சியில் கிடைத்தது. விற்பனையாளர் காசைப் புதிய தாள் சட்டகத்தில் இட்டு வைத்திருந்தார். அது முன்பு இருந்த பழுப்புநிற உறை பெட்டியின் அடியில் வெறுமையாகக் கிடந்தது. அதில் மங்கிய பென்சில் எழுத்தில் ஆங்கிலத்தில் "பருத்தித்துறை, 1926" என்றிருந்தது. உறையையும் கேட்டுப் பெற்றேன். அதற்கு விலை கேட்கப்படவில்லை.

அவ்வுறை கூறுவது யாது? காசு அங்கு கண்டெடுக்கப்பட்டிருக்கலாம். அங்கு விலைக்கு வாங்கப்பட்டிருக்கலாம். அங்கு யாரேனும் பரிசாகக் கொடுத்திருக்கலாம். மூன்றில் எது என்று உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் 1926இல் அக்காசு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருந்தது என்ற அளவில் மூன்றும் ஒத்துப்போகின்றன. இராசராசன் காசைவிட என் சேதுக்காசு தேய்ந்தது. எழுத்தும் பாதி மழுங்கியது. ஆனால் அந்த ஒரு வரியால் அது ஆய்வுக்குப் பயன்படும் காசாயிற்று.

7. வாங்காத தொகுதி

இதே ஆண்டில் இன்னொரு தொகுதியும் எனக்குக் காட்டப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட இராசராசன் காசுகள். ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில், பச்சைக் களிம்பும் அண்மையில் கிளறிய மண்ணும் நீங்காமல் இருந்தன. விலை மலிவு. எங்கிருந்து வந்தன என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

அவற்றை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எடையிட்டு, படமெடுத்து, அச்சுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். அது மெய்யே. ஆனால் ஒன்றாகப் புதைந்திருந்த ஒரு தொகுதி, இடமும் ஆழமும் கலமும் அறியப்படாமல் எடுக்கப்பட்டபோதே அதன் பெரும்பகுதிச் சான்று அழிந்துவிட்டது. எஞ்சியதற்கு விலை கொடுத்தால், அடுத்த தொகுதியை அவ்வாறே தோண்டுவதற்கு நான் கூலி கொடுத்தவன் ஆவேன்.

சட்டமும் இங்கு தெளிவாகவே உள்ளது. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் நிறைவேறியது. இந்தியாவின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1972ஆம் ஆண்டினது. இலங்கையின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1940ஆம் ஆண்டினது. ஆகவே 1970க்கு முன்னரே தாய்நாட்டைவிட்டு வெளியேறியது என்று கூறத்தக்க காசையே நாடுவது சேகரிப்போர் பலர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. இராசராசன் காசையும் சேதுக்காசையும் அந்நெறியின்படியே ஏற்றேன். இதிலும் விலையின் ஆட்சி உண்டு. ஏதென்சுக் காசுக்கு 1970க்கு முந்திய சான்று கேட்டால் விற்பனையாளர் கோப்பை எடுக்கின்றார். தமிழ்ச் செப்புக்காசுக்குக் கேட்டால் வியப்புடன் நோக்குகின்றார்.

8. ஆர்வலர் ஆற்றிய பணி

ஆர்வலர் சேகரிப்பு முழுவதும் ஆய்வுக்குக் கேடு என்று முடிவு செய்வதும் பொருந்தாது. சங்ககால மூவேந்தர் நாணயம் வெளியிடவில்லை என்ற எண்ணம் ஆய்வாளர் பலரிடம் நெடுங்காலம் நிலவியது. அதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தினமலர் ஆசிரியரும் காசுச் சேகரிப்பாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021). "பெருவழுதி" என்ற தமிழ்ப் பிராமிப் பொறிப்புடைய பாண்டியர் செப்புக்காசை அவர் 1980களில் அறிஞர் உலகுக்கு அறிவித்தார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் காசுகளும் அவரால் வெளியுலகு அறிந்தன. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. தாம் பெற்ற காசை அவர் பெட்டியில் பூட்டி வைக்காது வெளியிட்டமையே அவரது சேகரிப்பை ஆய்வாக்கியது.

இலங்கையின் தென்கோடியிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. திசமகாராமைக்கு அருகிலுள்ள அக்குறுகொடையில் கிடைத்த காசுகளை ஒஸ்மண்ட் போப்பேராச்சி, விக்கிரமசிங்க ஆகியோர் 1999இல் நூலாக வெளியிட்டனர். அவை தனியார் சேகரிப்பில் இருந்தவை. அவற்றுட் சிலவற்றில் உதிரன், மகாசாத்தன் போன்ற தமிழ்ப் பெயர்கள் பிராமி எழுத்தில் உள்ளன. இக்காசுகள் ஊர்ப்பெயர் இன்றிக் கொழும்பிலோ சென்னையிலோ விற்கப்பட்டிருந்தால், தமிழகத்துக் காசுகள் என்றே அவற்றை வகைப்படுத்தியிருப்போம். உருகுணைப் பகுதியில் தமிழ் வணிகர் இயங்கினர் என்பதற்குரிய அரிய சான்று, அக்குறுகொடை என்ற ஒற்றைச் சொல்லால் காப்பாற்றப்பட்டது.

9. செய்யத்தக்கவை

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் இயங்கிவரும் தொல்பொருட் பதிவுத் திட்டம் நமக்கு ஒரு முன்மாதிரி. பொதுமக்கள் தாம் கண்டெடுத்தவற்றைத் தாமாகவே கொண்டுவந்து காட்டுகின்றனர். அலுவலர் அவற்றை அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்து, பொருளைத் திருப்பிக் கொடுக்கின்றனர். தோண்டுவோர் மொய்க்காதிருக்கும் பொருட்டுத் துல்லியமான இடம் பொதுவெளியில் காட்டப்படுவதில்லை. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை விலை குறைந்தவை என்பது கருதத்தக்கது.

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் இத்தகைய பதிவுக்குரிய காசுகள் உள்ளன. பூட்டனார் வயலில் எடுத்தது, கிணறு வெட்டியபோது வந்தது, கோயில் திருப்பணியில் கிடைத்தது என்று சொல்லப்படும் செப்புக்காசுகளைத் தகரப் பெட்டிகளிலும் பூசை அறைகளிலும் கண்டிருக்கின்றேன். எந்த வயல், எந்தக் கிணறு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் தெரியும். குறிச்சிப் பெயர் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரும் தெரியாது.

ஆதலின் பின்வரும் நடைமுறைகளை இம்மாநாட்டுப் பேராளர்களின் கவனத்திற்கு முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, காசைக் கழுவவோ புளியிட்டுத் தேய்க்கவோ கூடாது. களிம்பும் ஒட்டிய மண்ணும் சான்றின் பகுதிகள்.

இரண்டாவதாக, எடை, விட்டம், இருபுறப் படம் ஆகிய மூன்றையும் பதிவு செய்தல் வேண்டும். சமையலறைத் தராசு போதாது. நகைக்கடைத் தராசு போதும்.

மூன்றாவதாக, காசோடு வந்த உறை, சீட்டு, துணிமுடிச்சு, கடிதம் எதனையும் எறியலாகாது.

நான்காவதாக, கண்டெடுத்தது, வாங்கியது, கேள்விப்பட்டது ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும். "பருத்தித்துறையில் கிடைத்தது" என்பதும் "பருத்தித்துறையில் வாங்கியது" என்பதும் ஒன்றல்ல. சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் பதிவில் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவதாக, தமிழ் இருக்கைகளும் ஆய்வு நூலகங்களும் இப்பதிவுகளை ஏற்கும் இடங்களாதல் வேண்டும். காசை அவை பெற வேண்டியதில்லை. பதிவைப் பெற்றாற் போதும். காசு குடும்பத்திடமே இருக்கலாம். சான்று பொதுவாக வேண்டும். சட்டத்திற்கு மாறாக வந்தது எனத் தெரியும் காசாயின், அதனைத் தாய்நாட்டு அருங்காட்சியகத்திற்கு அனுப்புவதற்கான வழியையும் இவ்விடங்கள் காட்டலாம்.

10. முடிவுரை

ஓராண்டில் சேர்ந்த ஐந்து காசுகளுள் ஏதென்சுக் காசே விலை மிக்கது. அதன் வரலாறு என் துணையின்றியும் பேணப்படும். அகஸ்டஸ் காசும் ஆர்க்கேடியஸ் காசும் தம்மை வெளியிட்டோரைத் தெளிவாகச் சொல்லி, தாம் கிடைத்த இடத்தைச் சொல்லாது நிற்கின்றன. இராசராசன் காசு பெரியதொரு வரலாற்று வினாவுக்கு விடைதரத் தக்க வகையைச் சேர்ந்தது. ஆனால் இக்காசு அவ்விடையைத் தரும் வாய்ப்பை இழந்துவிட்டது. சேதுக்காசு மட்டும் ஒரு பென்சில் வரியால் தன் ஊரோடு தொடர்பை இழக்காமல் வந்துள்ளது.

அவ்வரியை எழுதியவர் யார் என்பது தெரியாது. அவர் தமிழரல்லர் என்று ஊகிக்கலாம். நூறாண்டுக்கு முன் அவர் செலவிட்டது ஒரு நிமிடம். அத்தகைய ஒரு நிமிடத்தைச் செலவிடுவதற்கு அறிஞர் பட்டமோ செல்வமோ தேவையில்லை. முதியோர் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே செலவிடுதல் மட்டுமே தேவை.